அணிசேராமை என்பது ஊமைத்தனமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

முன்னுரை

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நடந்த சொற்போட்டிக்கு, "அணிசேராக் கொள்கை இன்றும் உயிருடன் இருக்கிறதா?" என்பது தலைப்பு. "இல்லை" என்னும் கட்சியில் நான் பேசினேன். இரண்டு வல்லரசுகள் இருந்த காலத்தில் இரண்டிலும் சேராமல் இருந்தோம். அவற்றுள் ஒன்று 1991-இல் உடைந்து போயிற்று. இல்லாத அணியில் சேராமல் இருப்பதும் ஒரு கொள்கையா என்று கேட்டேன். கைதட்டல் கிடைத்தது. இரண்டாம் பரிசும் கிடைத்தது.

பரிசுப் புத்தகத்தை வீட்டில் காட்டினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் என் தாத்தா. என்ன பேசினாய் என்று கேட்டார், சொன்னேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "நாங்க படிக்கையில பள்ளிக்கூடத்துல மத்தியானம் போட்ட மஞ்ச உப்புமா அமெரிக்கா மாவுப்பா. பால் பவுடரும் அவன் அனுப்புனதுதான். அவன் மாவைத் தின்னுக்கிட்டே அவன் கட்சியில சேரமாட்டோம்னு நேரு எப்படிச் சொன்னாரு? அதைப் பேசுனியா?" என்றார்.

நான் பேசவில்லை. அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு விடை தேடி நம் நூலகத்தில் படித்தவற்றையும், படித்தபின் என் கருத்து மாறிய விதத்தையும் இங்கே எழுதுகிறேன்.

கொள்கை பிறந்த வேளை

நாடு விடுதலை பெறுவதற்கு ஓராண்டு முன்னரே இக்கொள்கை பிறந்துவிட்டது. 1946 செப்டம்பர் 7-ஆம் நாள் இடைக்கால அரசின் சார்பில் வானொலியில் பேசிய ஜவஹர்லால் நேரு, ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் வல்லரசுக் குழுக்களின் அரசியலிலிருந்து இந்தியா இயன்றவரை விலகி நிற்கும் என்று அறிவித்தார்.

இதற்கு ஒரு கசப்பான காரணம் உண்டு. 1939-இல் இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைசிராய் அறிவித்தபோது, இந்தியத் தலைவர் ஒருவரையும் அவர் கலந்து பேசவில்லை. பிறர் எடுத்த முடிவுக்காக நம் சிப்பாய்கள் கடல் கடந்து சென்று மடிந்தார்கள். இனி நம் பிள்ளைகள் போருக்குப் போவதா, வேண்டாமா என்பதை நாமே முடிவு செய்வோம் என்னும் உறுதியே அணிசேராமையின் வேர்.

விடுதலைக்குப் பின் உலகம் இரண்டாகப் பிளந்தது. 1949-இல் நேட்டோ அணியும், 1955-இல் வார்சா அணியும் தோன்றின. அண்டை நாடான பாகிஸ்தான் 1954-இல் தென்கிழக்கு ஆசிய ஒப்பந்தத்திலும், 1955-இல் பாக்தாத் ஒப்பந்தத்திலும் சேர்ந்தது. இந்தியா எதிலும் சேரவில்லை. 1955 ஏப்ரலில் பாண்டுங் நகரில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 29 கூடின. 1961 செப்டம்பரில் பெல்கிரேடில் 25 நாடுகள் கூடி அணிசேரா இயக்கத்தைத் தொடங்கின. இந்தியாவின் நேரு, யூகோஸ்லாவியாவின் டிட்டோ, எகிப்தின் நாசர், இந்தோனேசியாவின் சுகர்ணோ, கானாவின் நிக்ருமா ஆகியோர் அதன் தூண்கள்.

அணிசேராமையை நடுநிலைமை என்று பலர் பிழையாகக் கொள்கின்றனர். சொற்போட்டியில் நானும் அப்படித்தான் கொண்டேன். எந்தப் போரிலும் கலந்துகொள்ளாமல் இருப்பது சுவிட்சர்லாந்தின் நடுநிலைமை. அணிசேராமை அதுவன்று. ஒவ்வொரு வழக்கையும் அதனதன் தகுதி பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் உரிமையை முன்கூட்டியே யாருக்கும் எழுதிக் கொடுக்காமல் இருப்பதே அணிசேராமை. 1950 ஜூனில் வடகொரியா தென்கொரியாவின்மீது படையெடுத்தபோது, அதைக் கண்டித்த ஐ.நா. தீர்மானத்தை இந்தியா ஆதரித்தது. ஆயினும் போரிடப் படை அனுப்பவில்லை. மருத்துவப் பிரிவு ஒன்றை அனுப்பியது. 1953-இல் போர்க் கைதிகளைத் திருப்பி அனுப்பும் பொறுப்பை ஏற்ற நடுநிலை நாடுகளின் குழுவுக்குத் தளபதி திம்மய்யா தலைமை தாங்கினார். இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட ஒரு நாடு இருந்ததனால்தான் அவ்வேலை நடந்தது. இதை ஊமைத்தனம் என்று யார் சொல்ல முடியும்?

ஆனால் குறையும் இருந்தது. 1956-இல் சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின்மீது பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் படையெடுத்தபோது இந்தியா உடனே உரக்கக் கண்டித்தது. அதே வாரங்களில் சோவியத் படைகள் ஹங்கேரியில் புகுந்து மக்கள் எழுச்சியை நசுக்கின. அப்போது நம் குரல் தடுமாறியது, ஐ.நா. வாக்கெடுப்பில் இந்தியா ஒதுங்கி நின்றது. ஜெயப்பிரகாஷ் நாராயணன் இதற்காக நேருவை வெளிப்படையாகக் குறை கூறினார். எல்லா வழக்கையும் தகுதி பார்த்துத் தீர்ப்பவன் ஒரு கட்சிக்காரனைக் கண்டால் மட்டும் குரலைத் தாழ்த்துவது முறையன்று. இக்குறையைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

கோதுமைக் கப்பல்

இனி, தாத்தாவின் உப்புமாவுக்கு வருவோம். அமெரிக்காவின் 480-ஆம் பொதுச் சட்டத்தின்கீழ் 1956-இல் நம் நாடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி அமெரிக்கக் கோதுமைக்கு நாம் டாலர் கொடுக்க வேண்டியதில்லை. ரூபாயிலேயே விலை கொடுக்கலாம். சென்னை மாநிலத்தில் காமராசர் தொடங்கிய பள்ளி மதிய உணவுத் திட்டத்துக்கும் 1960-களில் அமெரிக்க உதவியாக மாவும் பால் பவுடரும் வந்தன.

கொடுத்த கை சும்மா இருக்கவில்லை. 1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1966-இல் மட்டும் நாடு இறக்குமதி செய்த தானியம் ஏறத்தாழ ஒரு கோடி டன். அவ்வேளை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான்சன் நீண்ட கால ஒப்பந்தம் செய்ய மறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகவே கப்பல்களை விடுவித்தார். வேளாண்மைக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன காரணம். வியட்நாமில் அமெரிக்கா குண்டு வீசுவதை இந்தியா குறை கூறியது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதும் உலகறிந்த செய்தி. ஒரு கப்பல் தாமதித்தால் பல லட்சம் வீடுகளில் அடுப்பு எரியாது என்னும் நிலை.

ஆக, தாத்தாவின் கேள்விக்கு முதல் விடை இது: நேரு எந்த ஒப்பந்தத்திலும் சிக்கவில்லை என்பது உண்மை, ஆனால் வயிறு சிக்கிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போடாமல் இருப்பது எளிது. கையேந்தாமல் இருப்பதே அரிது.

இதிலிருந்து நாட்டை மீட்டவர்கள் ஐ.நா. சபையில் பேசியவர்கள் அல்லர், வயலில் இறங்கியவர்கள். உணவு அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியமும், கும்பகோணத்தில் பிறந்த அறிவியலறிஞர் எம்.எஸ். சுவாமிநாதனும் குட்டை ரகக் கோதுமையில் நம்பிக்கை வைத்தனர். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை கப்பலில் வந்து இறங்கியது. 1964-65-இல் ஏறத்தாழ 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1970-71-இல் 2.3 கோடி டன்னைத் தாண்டியது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த விதையை உருவாக்கிய நார்மன் போர்லாக் ஓர் அமெரிக்கர். எனவே அணிசேராமை என்பது பிறர் உதவியை மறுக்கும் வறட்டுக் கௌரவம் அன்று. கோதுமையை வாங்கினால் அடுத்த மாதமும் வாங்க வேண்டும்; விதையை வாங்கினால் அடுத்த பருவத்தில் நம் விதையே நமக்கு இருக்கும். எந்த உதவி நம்மை மீண்டும் கையேந்தச் செய்யும், எந்த உதவி நம் காலில் நிற்கச் செய்யும் என்று பிரித்தறிவதில்தான் எல்லாம் இருக்கிறது.

நட்பின் விலை

இரண்டாவது பாடம் போர்க்களத்தில் கிடைத்தது. 1962 அக்டோபரில் சீனப் படைகள் எல்லையைத் தாண்டின. அதே சீனாவுடன்தான் 1954-இல் பஞ்சசீலக் கொள்கையில் கையெழுத்திட்டிருந்தோம். நவம்பரில் நேரு, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியிடம் விமானப் படை உதவி கேட்டுக் கடிதம் எழுத நேர்ந்தது. நல்லெண்ணம் மட்டும் மலைக் கணவாயைக் காக்காது என்பதை நாடு அன்று அறிந்துகொண்டது.

1971-இல் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் எல்லை கடந்து வந்தனர். அமெரிக்கா பாகிஸ்தான் பக்கம் நின்றது, சீனாவும் அப்படியே. ஆகஸ்ட் 9-ஆம் நாள் இந்தியா சோவியத் ஒன்றியத்துடன் அமைதி, நட்பு, ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்தது. டிசம்பர்ப் போரின்போது அமெரிக்காவின் அணுவிசைக் கப்பலான எண்டர்பிரைஸ் வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. பாதுகாப்புச் சபையில் சோவியத் ஒன்றியம் தன் தடுப்பு வாக்கைப் பயன்படுத்தி நமக்கு அவகாசம் தேடித் தந்தது. டிசம்பர் 16-இல் டாக்காவில் போர் முடிந்தது.

அணிசேராமை அன்றோடு முடிந்தது என்பார் உண்டு. நான் முழுவதும் ஒப்பவில்லை. அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னும் இந்திய மண்ணில் சோவியத் படைத்தளம் எதுவும் அமையவில்லை. ஆனால் நட்புக்கு ஒரு விலை இருந்தது. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானில் நுழைந்தன. 1980 ஜனவரியில் ஐ.நா. பொதுச் சபை வாக்கெடுப்பில் இந்தியா ஒதுங்கி நின்றது. நம் டாங்கிகளும் விமானங்களும் சோவியத் உதிரிப் பாகங்களை நம்பியிருந்தன. 1966-இல் கோதுமை நம் வாயைக் கட்டப் பார்த்தது. 1980-இல் உதிரிப் பாகம் கட்டியது.

மகேந்திரகிரி சொல்லும் கதை

சோவியத் ஒன்றியம் சரிந்த 1991-இல் நாம் தனித்து நின்றோம். அயல்நாட்டுச் செலாவணி சில வாரங்களுக்குக்கூடப் போதாமல், ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது. அந்த ஆண்டுதான் விண்வெளித் துறை, ரஷ்ய நிறுவனம் ஒன்றிடமிருந்து கிரையோஜெனிக் எனப்படும் கடுங்குளிர் எஞ்சினையும் அதன் நுட்பத்தையும் வாங்க ஒப்பந்தம் செய்தது.

சக மாணவர்களுக்காக இதைச் சிறிது விளக்குகிறேன். எடை மிகுந்த செயற்கைக்கோளை உயர்ந்த பாதைக்கு ஏற்ற, திரவ ஹைட்ரஜனைத் திரவ ஆக்சிஜனுடன் எரிக்கும் எஞ்சின் மிக ஏற்றது. முன்னது சுழியத்துக்குக் கீழே 253 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும்; பின்னது 183 டிகிரியில். அந்தக் குளிரில் உலோகம் முறியும், அடைப்பு கசியும். இவற்றையெல்லாம் வென்ற நாடுகள் அன்று விரல்விட்டு எண்ணத்தக்கவை.

ஏவுகணைக்குப் பயன்படக்கூடும் என்று காரணம் காட்டி அமெரிக்கா 1992 மே மாதத்தில் இருதரப்பின்மீதும் தடை விதித்தது. 1993-இல் ரஷ்யா பணிந்தது. எஞ்சின்களைத் தரும், நுட்பத்தைத் தராது என்றாயிற்று. நட்பு நாடும் தன் இக்கட்டில் தன்னைத்தான் பார்க்கும். அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

நம்மவர்கள் தாமே செய்யத் தொடங்கினர். சோதனைகள் நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் நடந்தன. 2010 ஏப்ரலில் முதல் முயற்சி கடலில் விழுந்தது. 2014 ஜனவரி 5-ஆம் நாள் உள்நாட்டுக் கடுங்குளிர் எஞ்சின் வெற்றியுடன் பறந்தது. 2023-இல் சந்திரயான்-3 கலத்தைத் தூக்கிச் சென்ற ஏவுகலத்தின் உச்சிக் கட்டத்தில் இருந்ததும் நாமே செய்த கடுங்குளிர் எஞ்சின்தான். 2025 ஜூலை 30-ஆம் நாள் அமெரிக்க விண்வெளி நிறுவனமும் நம் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோளை ஏற்றிச் சென்றதும் அவ்வகை எஞ்சினே. தடை விதித்த நாடு தன் விலையுயர்ந்த கருவியை நம் எஞ்சினை நம்பி ஒப்படைத்தது!

அதே ஜூலை 30-இல்தான் இந்தியப் பொருள்களுக்கு 25 சதவீத வரி விதிப்பதாக அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப் அறிவித்தார். ஒரே நாளில் ஒரே நாட்டிடமிருந்து கைகுலுக்கலும் குட்டும். இன்றைய உலகை இதைவிடத் தெளிவாக விளக்கும் நாள் வேறில்லை.

பல துருவ உலகம்

முதலாண்டு செய்முறை வகுப்பில் கப்பிகளின் மேல் நூல்களை ஓட்டி, எடைக் கற்களைத் தொங்கவிட்டு விசைகளின் சமநிலையைப் பார்த்தோம். முடிச்சை இரண்டே நூல்கள் எதிரெதிரே இழுத்தால், அவை சமமாக இருந்தால்தான் முடிச்சு நிற்கும். சற்றே மிகுந்தாலும் ஒரு பக்கம் ஓடிவிடும். பல திசைகளில் நூல்கள் இருந்தால், ஒன்று கூடும்போது மற்றவற்றின் கோணம் மாறி, முடிச்சு புதியதோர் இடத்தில் சமநிலை கொள்ளும். இரு துருவ உலகம் முன்னது போன்றது. பல துருவ உலகம் பின்னது போன்றது.

இன்று இந்தியா அப்படித்தான் நிற்க முயல்கிறது. அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு நாற்கூட்டணியில் இருக்கிறது. ரஷ்யாவும் சீனாவும் உள்ள பிரிக்ஸ் அமைப்பிலும் இருக்கிறது. 2017 முதல் ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்பிலும் உறுப்பினர். அமெரிக்கச் சட்டத்தின் மிரட்டலையும் மீறி 2018-இல் ரஷ்யாவிடம் எஸ்-400 வான்காப்பு ஏவுகணைகளுக்கு ஒப்பந்தம் செய்தது. அணியில் சேராமல் இருப்பது அன்றைய முறை. பல அணிகளோடும் வேலைக்குத் தக்கபடி சேர்ந்திருந்து, எதற்கும் அடிமையாகாமல் இருப்பது இன்றைய முறை. "தன்னுரிமையோடு முடிவெடுத்தல்" என்று இன்று பெயர் சொன்னாலும், 1946-இல் போட்ட வேர் அதுவேதான். என் சொற்போட்டி வாதம் இங்கே உடைகிறது.

ஆனால் முடிச்சு நிற்பதற்கு எல்லா நூலிலும் தக்க எடை இருக்க வேண்டும். உக்ரைன் போர் தொடங்கிய 2022-க்கு முன், நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீத அளவே. மலிவாகக் கிடைத்ததால் 2023-இல் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அதற்குத் தண்டமாக அமெரிக்கா மேலும் 25 சதவீதம் சேர்க்க, 2025 ஆகஸ்ட் 27 முதல் வரி மொத்தம் 50 சதவீதமாயிற்று. அந்த நாள்களில் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் அமெரிக்க ஆர்டர்கள் நின்றும் குறைந்தும் போயின. மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே நடந்த வழக்கு, தையல் எந்திரத்தின் முன் அமர்ந்திருந்தவரின் வாரச் சம்பளத்தில் வந்து முடிந்தது. அயல்நாட்டுக் கொள்கை நமக்கு எட்டாத பெரியவர்கள் காரியம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

மறுபக்கம் சீனா. 2020 ஜூன் 15-இல் கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் உயிர் துறந்தனர். 2025 ஏப்ரலில் அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. நம் மின்வாகனத் தொழிற்சாலைகள் திகைத்தன. அருமண் தனிமங்கள் கொண்ட மோனசைட் நம் மணவாளக்குறிச்சிக் கடல் மணலிலேயே உண்டு. மண் இருந்தும் அதைப் பிரித்துக் காந்தமாக்கும் தொழில் போதிய அளவு வளரவில்லை. அன்று கோதுமை, பிறகு உதிரிப் பாகம், இன்று எண்ணெயும் காந்தமும். பொருள்தான் மாறுகிறது; பாடம் மாறவில்லை.

மௌனம் பற்றி ஒரு சொல்

இனிச் சொல்லப்போவது நண்பர்கள் சிலருக்குக் கசக்கலாம். 2022 மார்ச் 2-ஆம் நாள் உக்ரைன் பற்றிய ஐ.நா. தீர்மானத்தை 141 நாடுகள் ஆதரித்தன. ஒதுங்கி நின்ற 35 நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அன்று உக்ரைனில் நம் மருத்துவ மாணவர்கள் ஆயிரக்கணக்கில் சிக்கியிருந்தனர். படைக்கலங்களுக்கு ரஷ்யா தேவை. காரணங்கள் எனக்குப் புரிகின்றன. நாடுகளின் எல்லை மதிக்கப்பட வேண்டும் என்று இந்தியா அங்கேயே கூறியது. இது போருக்கான காலமன்று என்று 2022 செப்டம்பரில் சாமர்கண்டில் ரஷ்யக் குடியரசுத் தலைவர் புதினிடம் நம் பிரதமர் நேரிலேயே சொன்னார். அவையும் கணக்கில் வர வேண்டும்.

ஆயினும் 1956, 1980, 2022 என்று மூன்று முறை ஒரே திசையில் ஒதுங்கியிருக்கிறோம். ஒதுங்குவது தவறன்று, ஒதுங்கியதன் காரணம் நம் தீர்ப்பா, நம் தேவையா என்று கேட்டுக்கொள்ளாமல் இருப்பதே தவறு. நாளை நம் எல்லையை ஒருவன் தாண்டினால் உலகம் குரல் கொடுக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். அன்று பிற நாடுகளும் தத்தம் தேவையை மட்டும் பார்த்து ஒதுங்கினால் நமக்கு எப்படி இருக்கும்?

முடிவுரை

அணிசேரா இயக்கத்தில் இன்று ஏறத்தாழ 120 நாடுகள் உள்ளன. அதன் மாநாடுகளுக்கு அன்றைய ஒளி இல்லை என்பது மெய். ஆனால் மாநாடு வேறு, கொள்கை வேறு. தன் வழக்குக்குத் தானே தீர்ப்புச் சொல்லும் உரிமையே கொள்கை. அந்த உரிமை மேடையில் பிறப்பதில்லை; வயலிலும் ஆய்வுக்கூடத்திலும் தொழிற்சாலையிலும் பிறக்கிறது. பொருட்பாலில் வள்ளுவர் "வலியறிதல்" என்று ஓர் அதிகாரமே வைத்தார். நம் வலி எது, எதில் பிறரை நம்பியிருக்கிறோம் என்னும் கணக்கை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகப் போட வேண்டும். அறிவியல் பயிலும் நமக்கு அதில் பங்கு உண்டு. எண்ணெய்க்கு மாற்றும் காந்தமும் தேர்வுத்தாளோடு முடிகிற வினாக்கள் அல்ல.

பெற்ற உரிமையைப் பயன்படுத்துவது இரண்டாவது கடமை. வயிறு பிறர் கையில் இருந்தபோதுகூட வியட்நாமைப் பற்றி வாய் திறந்த நாடு இது. தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொண்ட பிறகு அது இன்னும் தெளிவாகப் பேச வேண்டும்.

இக்கட்டுரையைத் தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். "அப்ப நாங்க உப்புமா தின்னது தப்பில்ல. நீ அன்னைக்குப் பேசுனதுதான் தப்பு" என்றார். பிறகு, "அந்தப் பரிசைத் திருப்பிக் கேப்பாங்களா?" என்று கவலையோடு கேட்டார்.